டேப்பக்கா எழுதாமல் விட்டது

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் டேப்பக்கா. ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியும் இருக்கிற முப்பத்தெட்டு கண்காணிப்புக் கிணறுகளில் தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே நிற்கிறது என்று மாதந்தோறும் அளந்து எழுதுவது அவள் வேலை. கிணறு என்றால் படியிறங்கிக் குளிக்கிற கிணறு அல்ல. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புக் குழாய். அதற்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. பூட்டைத் திறந்து, சுருளில் சுற்றிய டேப்பை உள்ளே இறக்குவாள். நுனி தண்ணீரைத் தொட்டதும் சுருள் 'பீப்' என்று கத்தும். குழாய் விளிம்பில் இட்ட சிவப்புக் கோட்டுக்கு நேராக டேப்பில் எந்த எண் நிற்கிறதோ அதுதான் அளவு. பிறகு கொஞ்சம் தண்ணீர் மொண்டு உப்பளவு மீட்டரை நனைத்துப் பார்ப்பாள். ஓடையில் மூன்று இடங்களில் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, மதியத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பாள்.

பதினெட்டு வருடமாக இந்த வேலை. சுருளைச் சுமந்து சுமந்து வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியே போய்விட்டது. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது கல்யாணமாகிப் படிப்பு நின்றுபோனவள். ஆனால் வேலையில் அவளை ஒருவரும் குறை சொல்ல முடியாது. அளவுத் தாளில் கடைசிக் கட்டத்துக்குக் 'குறிப்பு' என்று பெயர். மற்ற களப் பணியாளர்கள் அதை வெறுமையாக விட்டுவிடுவார்கள். இவள் எழுதுவாள். 'பக்கத்து வீட்டில் புதிதாக போர் போட்டிருக்கிறார்கள்.' 'மூடி ஆடுகிறது, உள்ளே எறும்பு போகிறது.' 'பாலத்துக்குக் கீழே பாசியின் நிறம் மாறியிருக்கிறது.' எண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கணினியில் ஏறும். குறிப்புகளை மட்டும் ஆய்வகத்தில் அன்றைக்கே படித்துவிடுவார்கள்.

படிப்பவள் அவளுடைய ஓரகத்தி. கணவனின் தம்பி மனைவி. வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்த சம்பந்தம் அல்ல அது. டேப்பக்காவே தேடிப் பிடித்தது. ஆறு வருடத்துக்கு முன் ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வேதியியலில் முதுகலை. பாட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் எழுந்து நின்று, "உக்காருங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று மின்விசிறியைத் திருப்பிவிடுவாள். டேப்பக்காவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வீட்டில் கொழுந்தனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "தங்கமான பொண்ணு. நான் பொறுப்பு" என்று அவளே முன்னின்று கல்யாணத்தை முடித்துவைத்தாள்.

மாடியில் சின்னவர்கள், கீழே பெரியவர்கள் என்று ஒரே வீட்டில் குடித்தனம் ஆரம்பித்தது. ஆறு மாதம் போவதற்குள் டேப்பக்காவுக்குள் என்னவோ புகைய ஆரம்பித்துவிட்டது.

மாமனார்தான் முதலில் கொளுத்திப் போட்டவர், பாவம், தெரியாமல்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் மாடிப்படியைப் பார்த்துக் கையை நீட்டி, "சின்ன மருமக விஞ்ஞானி. ஊரே குடிக்கிற தண்ணிக்கு இவ கையெழுத்துப் போட்டாத்தான்" என்பார். அப்புறம் டீ கொண்டுவந்து வைக்கிற பெரியவளைக் காட்டி, "இவளும் அங்கதான் இருக்கா. தண்ணி அளக்கறா" என்பார். பால்காரர் பால் அளப்பதைப் போல அவள் ஏதோ லிட்டர் கணக்கில் ஊற்றிக் கொடுக்கிறாள் என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டு போவார்கள்.

அலுவலகத்துக்கு இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். சின்னவள் ஓட்டுவாள், பெரியவள் பின்னால் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாசலில் பியூன், "டேப்பும் லேப்பும் வந்தாச்சு!" என்று தினமும் ஒரே ஜோக்கைச் சொல்லித் தினமும் சிரிப்பார். டேப்பக்காவும் சிரிப்பாள். ஆனால் உள்ளே நுழைந்ததும் சின்னவள் மாடிக்குப் போய் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொள்வதும், தான் ஜீப்புக்காக வெயிலில் நிற்பதும் அவள் கண்ணை உறுத்தும். கோட்டின் பையில் நீல நூலால் பெயர் தைத்திருந்தது. தன் உடுப்பு எதிலும் அப்படி யாரும் பெயர் தைத்துத் தந்ததில்லை என்பது திடீரென்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அது மறக்கவே இல்லை.

சின்னவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் பெரிய கஷ்டம். சண்டை போட ஒரு சாக்காவது கொடுத்திருந்தால் போட்டுத் தீர்த்திருக்கலாம். அவளோ, "அக்கா, உங்க கை பக்குவம் எனக்கு வரவே மாட்டேங்குது" என்று சமையலறையில் வந்து நிற்பாள். 'என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான், இதையும் கத்துக்கிட்டுப் போகலாம்னு வந்திருக்கா' என்று இவள் நினைத்துக்கொள்வாள்.

பிறகு ஓடையில் நுரை வந்தது.

ஒரு காலை பாலத்துக்குக் கீழே பாட்டில் பிடிக்கக் குனிந்தபோது, கல்லைப் புரட்டினால் வழக்கமாக ஓடுகிற பூச்சிகள் ஒன்றுகூட இல்லை என்று கவனித்தவள் டேப்பக்கா. மேலேயும் கீழேயும் நடந்து பார்த்து, புதர் மறைவில் ஒரு வாய்க்கால் ஓடையில் கலப்பதைக் கண்டாள். பெயின்ட் டப்பா கழுவுகிற பட்டறை ஒன்றிலிருந்து வந்த தண்ணீர். கலப்பதற்கு மேல் ஒரு பாட்டில், கீழ் ஒரு பாட்டில் கூடுதலாகப் பிடித்து, குறிப்பில் எட்டு வரி எழுதிக் கொடுத்தாள். ஆய்வகம் சோதித்து ஈயம் இருப்பதாகச் சொன்னது. பட்டறையை மூடினார்கள். பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது.

படத்தில் சின்னவள் வெள்ளைக் கோட்டோடு ஒரு குடுவையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'நீரின் நஞ்சைக் கண்டுபிடித்த பெண்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மேசை ஓரத்தில் டேப்பக்காவின் ஐஸ் பெட்டி தெரிந்தது. பெட்டியின் கைப்பிடியில் ஒரு கை, மணிக்கட்டு வரைக்கும். அதற்கு மேல் படத்தை வெட்டியிருந்தார்கள்.

"நல்லா விழுந்திருக்குல்ல போட்டோ?" என்றான் அவள் கணவன். பஸ் டிப்போவில் மெக்கானிக். எஞ்சினில் சின்ன சத்தம் மாறினாலும் கண்டுபிடிப்பவன், வீட்டில் எந்தச் சத்தமும் அவன் காதில் விழாது.

"பெட்டி நல்லா விழுந்திருக்கு" என்றாள் அவள்.

சின்னவள் மாடியிலிருந்து ஓடிவந்தாள். "அக்கா, நான் உங்களைப் பத்திதான் அவ்வளவு நேரம் சொன்னேன். அவங்க ஒரு வரிகூட போடல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அதனாலென்ன? யாரு பேரு வந்தா என்ன, வீட்டுப் பேருதானே" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, டேப்பக்கா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். சின்னவள் நிஜமாகவே சொன்னாளா, சொன்னேன் என்று சொல்கிறாளா? மாமனார் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் மணிக்கட்டோடு நின்றுபோன தன் கையைப் பார்த்துக்கொண்டேதான் அவள் வாசலைக் கடக்க வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து ஸ்கூட்டரில் ஏறுவதை விட்டுப் பஸ்ஸில் போனாள். அந்த வாரத்திலிருந்து குறிப்புக் கட்டத்தில் ஒரே சொல்தான் எழுதினாள்: 'இல்லை.'

"என்னக்கா, இப்பல்லாம் குறிப்பே வர்றதில்ல?" என்று சின்னவள் கேட்டாள்.

"எழுதற மாதிரி ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நல்லா இருக்கு."

நான்கு மாதம் இப்படிப் போனது. கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது, பதினெட்டு வருடப் பழக்கம் ஆயிற்றே. ஆனால் பார்த்ததை எல்லாம் அவள் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அதில் ஒரு கஞ்சத்தனமான சுகம் இருந்தது.

ஐந்தாவது மாதம் பதினேழாம் எண் கிணறு.

நெருக்கமாக வீடுகள் அடைந்த ஒரு சந்தின் முனையில் இருந்தது அது. பக்கத்திலேயே பழைய அடிபம்பு ஒன்று. நகராட்சி அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதியிருந்தது. அன்று டேப் வழக்கத்தைவிடச் சீக்கிரமே 'பீப்' என்றது. எட்டு மீட்டர் எழுபத்தெட்டு. போன மாதம் ஒன்பது நாற்பது. இரண்டு மாதமாக ஒரு சொட்டு மழை கிடையாது, தண்ணீர் அறுபத்திரண்டு சென்டிமீட்டர் மேலே ஏறியிருக்கிறது! திரும்ப இறக்கினாள். அதே எண். மொண்ட தண்ணீரில் உப்பளவு எழுநூற்று எண்பதிலிருந்து ஆயிரத்து நூற்று நாற்பதுக்குப் போயிருந்தது. டேப்பின் நுனியை முகர்ந்து பார்த்தாள். லேசாகச் சாக்கடை வாசனை.

எங்கோ ஒரு கழிவுநீர்க் குழாய் மண்ணுக்குள் உடைந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு முதுகலைப் படிப்பு தேவைப்படவில்லை.

தாளை எடுத்தாள். எண்களை எழுதினாள். குறிப்புக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. கூடத்தில் கண்ணாடிக்குள் இருந்த கை ஞாபகத்துக்கு வந்தது. 'நம்பர் போட்டாச்சு. புத்திசாலிங்க இருக்காங்க, பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். மறுபடி நான் எழுதி, மறுபடி அவ படத்துல நிக்கறதுக்கா?'

'இல்லை' என்று எழுதி, மூடியைப் பூட்டிவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போனாள்.

அளந்துவிட்டு வந்த பதினோராம் நாள் அந்தச் சந்தில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. முதலில் ஒரே வீட்டில் நான்கு பேர். அப்புறம் எதிர் வீடு. மூன்றாம் நாள் இருபத்தாறு பேர் ஆஸ்பத்திரியில். ஒரு தையல்காரருக்கு உடம்பில் தண்ணீர் வற்றி, நினைவு தப்பும் அளவுக்குப் போய்விட்டது.

ஆய்வகம் அல்லோலகல்லோலப்பட்டது. சின்னவள் தெருக்குழாய்களில் தண்ணீர் பிடித்துச் சோதித்தாள். சுத்தம். மேல்நிலைத் தொட்டியில் சோதித்தாள். அதுவும் சுத்தம். சந்தில் விசாரித்தபோது, "அடிபம்புத் தண்ணியா? ஐயோ, அதை நாங்க தொடறதே இல்லீங்களே" என்றார்கள். பம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அங்கே குடங்கள் வரிசையாக நிற்பதை மாதாமாதம் பார்த்தவள் டேப்பக்கா ஒருத்திதான்.

இரண்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. சொல்லப்போனால் அந்த இரண்டு நாளும் அவளுக்கு நன்றாகவே இருந்தது. சின்னவள் முகம் செத்து வீட்டுக்கு வந்தாள். தட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அலுவலகத் தலைவரான பொறியாளர் எல்லோர் முன்னாலும், "லேப் என்ன பண்ணுது?" என்று கேட்டாராம். மாமனார் கூட, "விஞ்ஞானிக்கே பிடிபடலையா?" என்றார். டேப்பக்கா எல்லாவற்றையும் கேட்டபடி பாத்திரம் துலக்கினாள். வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டு முணுமுணுத்ததாகவும், அது ஞாபகம் வந்தால் இன்றைக்கும் காது சூடாகிவிடுகிறது என்றும் பிற்பாடு அவளே சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை, கூடுதல் பாட்டில்கள் பிடித்துவர அவளையே சந்துக்கு அனுப்பினார்கள். அடிபம்பில் ஒருத்தி குடத்தை வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். தையல்காரரின் மனைவி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, தண்ணீர் பிடிக்க வந்திருந்தாள்.

"இதுதான் குடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே?" என்றாள் டேப்பக்கா.

"எழுதி எத்தனை வருஷமாச்சு! நீங்கதான் மாசாமாசம் வந்து பக்கத்துலயே அளந்துட்டுப் போறீங்களே. கெட்டுப்போயிருந்தா நீங்க சொல்லாமலா இருப்பீங்க? அந்தத் தைரியத்துலதான் குடிக்கறோம்."

டேப்பக்கா குனிந்து அந்தக் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் முழுவதும் சாக்கடையில் போய்ச் சேர்ந்தது. "என்னங்க பண்றீங்க?" என்று அந்தப் பெண் கத்தக் கத்த, பம்பின் கைப்பிடியைத் தன் பூட்டால், கிணற்று மூடியில் போடுகிற அதே பூட்டால், சேர்த்துப் பூட்டினாள். பூட்டுவதற்கு முன்பே பம்புத் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்திருந்தாள்; கிணற்றிலும் ஒரு பாட்டில் மொண்டுகொண்டாள். ஜீப்பில் ஏறி நேராக ஆய்வகம்.

சின்னவள் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அடிபம்புலதான் குடிக்கறாங்க. பதினேழுல தண்ணி அறுபத்திரண்டு ஏறியிருக்கு. உப்பும் ஏறியிருக்கு. சாக்கடைக் குழாய் உடைஞ்சிருக்கு, கிணத்துக்குக் கிட்டக்கவே."

"எப்ப பார்த்தீங்க? இன்னைக்கா?"

"பதினாலு நாளாச்சு."

சின்னவள் தாள் கட்டை இழுத்தாள். பக்கத்தைப் புரட்டினாள். எண்கள் இருந்தன. கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது.

"ஏன்க்கா எழுதல?"

"நீ கண்டுபிடிக்கிறியான்னு பார்த்தேன்."

இதைவிடப் பெரிய வார்த்தை அந்த அறையில் யாரும் பேசியிருக்க முடியாது. சின்னவள் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. இரண்டு பாட்டில்களையும் வாங்கி, சீட்டு ஒட்டி, தேதியும் நேரமும் எழுதினாள். பிறகு போனை எடுத்துப் பொறியாளரிடம் இடத்தைச் சொன்னாள்.

கிணற்றிலிருந்து பதினைந்து அடியில் தோண்டினார்கள். கழிவுநீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போய், மண் கறுத்துக் கிடந்தது. மறுநாள் பாட்டில்களின் முடிவும் அதையே சொன்னது. பம்பைக் கழற்றிவிட்டுச் சந்துக்குப் புதுக் குழாய் இழுத்தார்கள். இருபத்தாறு பேரும் பிழைத்து வீட்டுக்கு வந்தார்கள். தையல்காரர்தான் கடைசி. ஒரு மாதத்துக்கு மேல் அவரால் மெஷினை மிதிக்க முடியவில்லை.

பத்திரிகைக்காரர் மறுபடி வந்தார். சின்னவள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "இதைச் சொன்னது நான் இல்ல. கிணத்துல தண்ணி மட்டம் ஏறினதை வச்சுச் சொன்னவங்க எங்கக்கா. அவங்களைப் படம் எடுங்க" என்று டேப்பக்காவை முன்னால் தள்ளினாள்.

இத்தனை மாதம் எதற்காக வெந்துகொண்டிருந்தாளோ அது கையில் கிடைத்த நிமிடம் அது. முழுப் படம், தலையிலிருந்து கால் வரைக்கும், கையில் சுருளோடு. 'பூமிக்குள் பார்க்கும் கண்' என்று தலைப்பு. மாமனார் பழைய படத்துக்குப் பக்கத்தில் இதையும் மாட்டினார். "பெரியவளும் சளைச்சவ இல்ல" என்றார். அந்தப் படத்தில் இருந்தவளைப் பார்க்க டேப்பக்காவுக்குக் கண் கூசியது.

அதிலும் பொறாமைதான் வந்தது. இப்படி அந்த 'இல்லை'யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், தன்னைத் தூக்கி நடுவில் நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்கத் தெரிந்திருக்கிறதே அவளுக்கு! தானாக இருந்தால் செய்திருப்போமா? கேட்கக் கேட்க நெஞ்சு எரிந்தது. துணி காயப்போடும்போது மொட்டைமாடியில் நேராகவே கேட்டாள்.

"என் தப்பு தெரிஞ்சும் என்னைப் படத்துல நிறுத்தினது பழி வாங்கறதுக்குத்தானே?"

சின்னவள் போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். "கொஞ்சம்" என்றாள். பிறகு, "பொறியாளர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா அந்த 'இல்லை'யைப் பார்த்ததிலிருந்து எனக்கு உங்ககிட்ட பழைய மாதிரி பேச வரலக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் டேப்பக்கா பொறியாளர் அறைக்குப் போய் நின்றாள். நடந்ததைச் சொன்னாள்.

"பேப்பர்லயே வந்தாச்சு. இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் அவர், சங்கடத்தோடு கோப்பை மூடியபடி.

"பேப்பர்ல வந்தது பொய் சார். அதான்."

வாயால் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று எழுதியே கொடுத்தாள். எழுத்தில் வந்துவிட்டதால் அவரும் சும்மா இருக்க முடியவில்லை. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஆறு மாதம் கள வேலை கிடையாது, பதிவறையில் பழைய அளவுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. கூடத்திலிருந்து தன் படத்தை அவளே கழற்றினாள். மாமனாருக்குக் காரணத்தையும் சொன்னாள். அதன் பிறகு வருகிறவர்களிடம் இரண்டு மருமகள்களைப் பற்றியும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். தையல்காரர் வீட்டுக்கும் போனாள். அவர் மனைவி கதவைத் திறந்து, சொன்னதைக் கேட்டுவிட்டு, மறுபடி சாத்திக்கொண்டாள். டேப்பக்கா அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

அந்த ஆறு மாதமும் அவளுக்கு வேறு ஒரு ஆள் மேல் பொறாமை. அவளுடைய கிணறுகளுக்குத் தற்காலிகமாக ஒரு களப் பணியாளரைப் போட்டிருந்தார்கள். ஜன்னல் வழியே அவர் சுருளோடு ஜீப்பில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "டேப்பைக் கயிறு மாதிரி பிடிக்கறாரு பாருங்க, மனுஷன்" என்று பியூனிடம் புலம்புவாள். பியூன் அவளைப் பார்த்து ஜோக் சொல்வதை நிறுத்தியிருந்தார். அது அவளுக்கு உறைத்தது. ஆனால் பதிவறையில் உட்கார்ந்து, எட்டு வருடம், பத்து வருடத்துக்கு முந்தைய தாள்களை ஏற்றும்போதுதான், மழையில்லாமல் மட்டம் ஏறிய கிணறுகள் இன்னும் இரண்டு அவள் கண்ணில் பட்டன. அவள் உட்பட ஒருவரும் கவனித்திருக்கவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

"இதைக் கொஞ்சம் பாரு" என்றாள் கதவருகிலேயே நின்று.

சின்னவள் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். மின்விசிறியை மட்டும் திருப்பிவிடவில்லை.

அப்படித்தான் சனிக்கிழமை வேலை ஆரம்பித்தது. அளந்த எண்கள் மூன்று மாதம் தூங்கக் கூடாது என்று சொல்லி, வாராவாரம் ஆய்வக மேசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆறு மாதம் முடிந்து டேப்பக்கா மறுபடி களத்துக்குப் போன பிறகும் அது தொடர்ந்தது. அவள் எண்ணைப் படிப்பாள், சின்னவள் வரைபடத்தில் புள்ளி வைப்பாள். பேச்செல்லாம் கிணற்றைப் பற்றித்தான். வீட்டுப் பேச்சு திரும்ப வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. வந்தபோது சண்டையாகத்தான் வந்தது, மோட்டார் யார் போட்டது, யார் நிறுத்தவில்லை என்று. இருவருக்கும் அதில் ஒரு நிம்மதி.

போன சனிக்கிழமை ஒரு கடிதம் வந்தது. அந்த வரைபடங்களை வைத்து எழுதி அனுப்பிய கட்டுரையைப் பற்றித் தலைநகரில் நடக்கிற கருத்தரங்கில் பேசச் சின்னவளை அழைத்திருந்தார்கள். விமானத்தில் போக வேண்டும். கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் இருந்தது, ஆனால் ஆங்கிலத்தில் பேசப் போவது ஒருத்திதான்.

டேப்பக்கா கடிதத்தை இரண்டு தடவை படித்து மடித்து வைத்தாள்.

"எரியுது எனக்கு" என்றாள்.

"எரியட்டும்க்கா" என்றாள் சின்னவள், பென்சிலைச் சீவியபடி. "பதினெட்டாம் நம்பர் என்ன?"

"ஏழு மீட்டர் பன்னிரண்டு. எழுதிக்கோ, பக்கத்துல லாரி கழுவறாங்க."